கடை வாசலில் ஒரு குடும்பம்: நடைபாதைச் சண்டையைப் புரிந்துகொள்ள

சென்னையில் பாரிமுனை, சௌகார்பேட்டை, பிராட்வே பக்கம் வியாபாரம் செய்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும். "காலையில ஷட்டர் தூக்கப் போனா வாசல்ல ஒரு குடும்பமே படுத்திருக்கு. கார்ப்பரேஷன்ல சொன்னா வர்றாங்க, விரட்டுறாங்க, மறுநாள் அதே குடும்பம்." பக்கத்தில் இருப்பவர், "பாவம், அவங்க எங்க போவாங்க? ரோட்டுல படுக்கக்கூட ஏழைக்கு உரிமை கிடையாதா?" என்பார். அதோடு பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்.

இரண்டு கட்சியும் சட்டம் தன் பக்கம் இருப்பதாக நம்புகிறது. கடை வாசல் கடைக்காரருடையது என்கிறது ஒன்று. நடைபாதையில் குடியிருக்க உச்ச நீதிமன்றமே உரிமை தந்துவிட்டது என்கிறது இன்னொன்று. இரண்டும் சரியில்லை. இந்தச் சண்டையில் மூன்றாவதாக ஒரு தரப்பு இருக்கிறது: மாநகராட்சி. நடைபாதையைத் திறந்து வைப்பது அதன் ஒரு கடமை. வீடில்லாதவர்களுக்குத் தங்குமிடம் தருவது இன்னொரு கடமை. முதல் கடமையை எல்லோரும் கேட்கிறோம், இரண்டாவதைக் கேட்க ஆளில்லை. சண்டை ஓயாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வாசல் யாருடையது?

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்தில் இருப்பவர் தன் கதவுக்கு முன்னால் முதலில் ஒரு செருப்பு ஸ்டாண்டு வைப்பார். கொஞ்ச நாளில் அங்கே பையனின் சைக்கிள் வரும், பிறகு பழைய பீரோ வரும். அந்த இடம் தன் வீட்டோடு சேர்ந்தது என்றே அவர் மனதார நம்புவார். பத்திரத்தைப் பிரித்தால் அது எல்லோருக்கும் பொதுவான நடை என்று இருக்கும். அவருக்கு இருப்பது அந்த வழியே போய்வரும் உரிமை. மூன்றாவது மாடிக்காரருக்கும் அதே உரிமைதான். விளக்கு எரிகிறதா, வழி அடைபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது சங்கத்தின் பொறுப்பு.

நடைபாதையும் இப்படித்தான். சாலையும் அதன் ஓரமும் மாநகராட்சி வசம் இருக்கின்றன. ஆனால் மாநகராட்சி அதை இஷ்டப்படி விற்கவோ வாடகைக்கு விடவோ முடிகிற சொந்தக்காரர் இல்லை, பொதுமக்களுக்காக அதை வைத்துக் காக்கிற பொறுப்பாளர். கடைக்காரருக்குத் தன் கடைக்குள் போய்வர வழி வேண்டும் என்று கேட்கும் உரிமை முழுமையாக உண்டு. அந்த இடத்தை ஆளும் உரிமை கிடையாது. நடந்து போகிறவர், சக்கர நாற்காலியில் வருகிறவர், நின்று மூச்சு வாங்கும் முதியவர் எல்லோருக்கும் அங்கே உரிமை உண்டு. யாருக்கும் நிரந்தர இடம் இல்லை.

அனுமதி இல்லாமல் பொது இடத்தைத் தன் உபயோகத்துக்கு வளைத்துக்கொள்வதைத்தான் சட்டம் ஆக்கிரமிப்பு என்கிறது. இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனதில் நீல நிறத் தார்ப்பாயும் மூட்டைகளும்தான் வருகின்றன. கடையிலிருந்து இரண்டு படி இறங்கி நடைபாதையில் முடிகிற சிமெண்டுப் படிக்கட்டும் ஆக்கிரமிப்புதான். ஜெனரேட்டர், நிற்க வைத்த விளம்பரப் பலகை, வெளியே அடுக்கிய பிளாஸ்டிக் குடங்கள், ஊழியர்களின் டூவீலர் வரிசை எல்லாம் அதே கணக்கில் வரும். நடைபாதை எப்படி அமைய வேண்டும் என்று வழிகாட்டு நெறி வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் எந்தத் தடையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. என்.எஸ்.சி. போஸ் சாலையில் பட்டப்பகலில், வீடற்றவர் ஒருவர்கூட கண்ணில் படாத நேரத்தில், இந்த 1.8 மீட்டரைத் தேடிப் பாருங்கள்.

இதுவரை சொன்னதன் சாரம்: நடைபாதை கடைக்காரருக்கும் சொந்தமில்லை, அங்கே படுப்பவருக்கும் சொந்தமில்லை. அது மாநகராட்சியின் பொறுப்பில் உள்ள பொது இடம்.

மூன்று வேறு ஆட்கள், ஒரே பெயர்

"பிளாட்பாரத்துல இருக்கறவங்க" என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் கண்ணில் அங்கே மூன்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இவர்களைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் புகார்கள் தவறான மேசைக்குப் போகின்றன.

முதலில் சாலை வியாபாரி. பூக்கூடை, இட்லிக்கடை, பழ வண்டி வைத்திருப்பவர். தெருவில் வியாபாரம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் சோதன் சிங் வழக்கில் சொன்னது. 2014-இல் இவர்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. அதன்படி ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு அமைய வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும்.

இரண்டாவது, கையேந்துபவர். தமிழ்நாட்டில் இதற்கு 1945-ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வறுமையால் கையேந்துவதைக் குற்றமாக்கும் போக்கை நீதிமன்றங்கள் கேள்வி கேட்கத் தொடங்கி சில வருடங்கள் ஆகின்றன. டெல்லியில் நடைமுறையில் இருந்த இதே மாதிரியான சட்டப்பிரிவுகளை அங்குள்ள உயர் நீதிமன்றம் 2018-இல் ரத்து செய்தது. கொரோனா காலத்தில் இவர்களைத் தெருக்களிலிருந்து அப்புறப்படுத்த உத்தரவிடக் கோரியபோது, உச்ச நீதிமன்றம் 2021-இல் மறுத்துவிட்டது.

மூன்றாவது ஆள்தான் இந்தக் கட்டுரையின் ஆள்: வீடற்றவர். கூரையுள்ள எந்தக் கட்டடத்திலும் இல்லாமல் சாலையோரம், மேம்பாலத்தின் கீழ், ரயில்வே பிளாட்பாரம், கோயில் மண்டபம் போன்ற இடங்களில் வாழ்பவர் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவரை வரையறுக்கிறது. 2011 பிப்ரவரி 28 இரவு நாடெங்கும் இவர்களைத் தேடித் தேடி எண்ணினார்கள். 17.7 லட்சம் பேர் கணக்கில் வந்தார்கள். அதில் நகரங்களில் மட்டும் 9.38 லட்சம் பேர். வியாபாரிக்கு இருப்பது போல இவர்களுக்கென்று நாடு தழுவிய தனிச் சட்டம் எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் நீதிமன்றத் தீர்ப்புகளும் அரசுத் திட்டங்களும்தான்.

பகலில் பூ விற்று இரவில் அதே இடத்தில் படுக்கிற பெண் வியாபாரியாகவும் இருக்கிறார், வீடற்றவராகவும் இருக்கிறார். அவர் கையேந்தியதே இல்லை. ஆனால் அவரைப் பற்றி எழுதப்படும் புகாரில் "பிச்சைக்காரர்கள் தொல்லை" என்றுதான் இருக்கும்.

ஏன் அங்கேயே திரும்பி வருகிறார்கள்?

"இவ்வளவு பெரிய ஊரில் வேறு இடமே இல்லையா? கடைத்தெருவில்தான் வந்து படுக்கணுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்வி. இதற்கு நேர்மையான பதிலும் இருக்கிறது: வேலை அங்கேதான் இருக்கிறது.

பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்கள் மொத்த வியாபாரத் தெருக்கள். கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போகும்வரை அங்கே விடிவதற்கு முன்பே லாரிகள் வந்து நிற்கும். சந்தை போன பிறகும் காகிதம், பாத்திரம், எலக்ட்ரிக்கல் சாமான், துணி என்று மற்ற வியாபாரம் அங்கேயே இருக்கிறது. லோடு இறக்க ஆள் வேண்டும், மீன்பாடி வண்டி (சாமான் ஏற்றும் மூன்று சக்கர வண்டி) ஓட்ட ஆள் வேண்டும், அட்டைப்பெட்டியையும் பழைய பேப்பரையும் பொறுக்கிப் பிரிக்க ஆள் வேண்டும். கூப்பிட்ட குரலுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் அந்தக் கூலி. விடிகாலை லோடுக்கு, பஸ் பிடித்து வர வேண்டிய தூரத்தில் இருப்பவன் வந்து சேர்வதற்குள் வேலை இன்னொருவன் கைக்குப் போயிருக்கும். பெண்களுக்கும் அப்படித்தான். பூக்கட்டுவது, கடை பெருக்குவது, கல்யாணச் சமையலில் எடுபிடி, வீட்டு வேலை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைத்தால்தான் கட்டுப்படியாகும்.

வாசலில் படுத்திருப்பவர் பகலில் பல சமயம் அதே கடைக்காரரின் மூட்டையைத் தூக்குகிறவர் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அவர் இல்லாவிட்டால் கடைத்தெருவின் கூலி கூடும். வாடகை வீட்டிலிருந்து தினம் வந்துபோகும் ஆளுக்குத் தர வேண்டிய கூலிக்கும், வாசலிலேயே கிடைக்கிற ஆளுக்குத் தரும் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் குடும்பம் தெருவில் படுத்து ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தெருக்களில் மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே "எங்கிருந்தோ நேற்று வந்தவர்கள்" என்ற எண்ணமும் சரியில்லை. வாக்காளர் அட்டை வைத்திருப்பவர்கள் அவர்களில் உண்டு. பிள்ளைகள் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறார்கள். இரவு ஒன்பதரைக்கு ஷட்டர்கள் இறங்கும்வரை குடும்பம் தெருமுனையில் காத்திருக்கும். அப்புறம் பாய் விரியும். காலையில் கடை திறப்பதற்குள் பாய் சுருண்டு, பாத்திரங்களோடு ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு மதிலோரமோ மரத்தடியிலோ போய்விடும். ஒரு நாளுக்கு இரண்டு முறை வீட்டைப் பிரித்துக் கட்டுகிற வேலை இது. அந்த மூட்டைக்குள்தான் ஆதார் அட்டை, மருந்துச் சீட்டு, பள்ளிப் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. அப்புறப்படுத்த வரும் லாரியில் முதலில் ஏற்றப்படுவது அந்த மூட்டைதான். ஆதார் போனால் அடுத்த அரசு உதவிக்கு மனுப் போடவே வழியில்லாமல் போகிறது. அகற்றல் நடவடிக்கையின் மிக மோசமான விளைவு இது என்பேன். ஓர் இரவின் தூக்கம் போவதைவிடப் பெரிய இழப்பு.

கடைக்காரரின் குறை பொய்யில்லை

வீடற்றவர்களுக்காகப் பேசுகிற பலர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. சிறு கடைக்காரர் காலையில் வந்ததும் வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, கற்பூரம் காட்டி, முதல் போணிக்காகக் காத்திருப்பவர். வாசலில் மூத்திர நாற்றம் அடித்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். வாடகையும் வட்டியும் அதற்காக நிற்காது. இரவில் குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களைக் கண்டு கடையில் வேலை செய்யும் பெண்கள் அஞ்சுவதும் உண்மை.

பிராட்வேயை ஒட்டிய ஒரு சந்தில், பேப்பர் கடை வாசலில் ஒருநாள் காலை இப்படி ஒரு பேச்சைக் கேட்டேன்.

"ஏம்மா, பத்து மணிக்கு லோடு வருது. அந்த மூட்டையைக் கொஞ்சம் அந்தாண்ட நகர்த்திக்க."

"தோ எடுத்துடுறேன் அண்ணாச்சி. பாப்பாவை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வந்து பெருக்கியும் வுட்டுடுறேன்."

"பெருக்கறது கெடக்கட்டும். அந்த மூலையில நிக்க முடியலையேம்மா, இந்த நாத்தம் நாறுது."

"அது எங்க ஆளுங்க இல்ல அண்ணாச்சி. குடிச்சிட்டு வர்றவனுங்க பண்றது. படுக்கற எடத்துலயே நாங்க போவோமா?"

"யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெனம் பினாயில் ஊத்தறவன் நான்தானே."

"கக்கூஸை ராத்திரி பூட்டிடுறாங்க. பொம்பளைங்க நாங்க விடியற வரைக்கும் அடக்கிக்கினு கெடக்கறோம். அதை யாருகிட்ட போயி சொல்றது?"

இருவரும் சொன்னது உண்மை. பூட்டிய கழிப்பறையின் சாவி இருவரிடமும் இல்லை.

அது இல்லாததால் கடைக்காரர்கள் தங்களால் முடிந்ததைச் செய்கிறார்கள். கடை மூடும்போது வாசல் திண்ணையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். திண்ணையில் கூர்கம்பி பதிப்பார்கள். இரும்புக் கதவை நடைபாதை வரை நீட்டுவார்கள். இதனால் அந்தக் குடும்பம் நாலு கடை தள்ளிப் போகும். தொல்லை ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

1985 தீர்ப்பு என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை

நடைபாதைவாசிகளைப் பற்றிய எந்த விவாதத்திலும் இந்தத் தீர்ப்பின் பெயர் அடிபடும்: ஓல்கா டெல்லிஸ் வழக்கு. இதைப் படித்தவர்களைவிட அரைகுறையாகக் கேட்டவர்களே அதிகம்.

1981 ஜூலையில் மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே, பம்பாயின் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பப் போவதாக அறிவித்தார். மழைக்காலத்தின் நடுவில் குடிசைகள் இடிக்கப்பட்டன. அதை எதிர்த்துப் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் நடைபாதைவாசிகள் சிலரும் நீதிமன்றம் போனார்கள். அவர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். சொந்த ஊரில் நிலமில்லாத கூலி. வறட்சியில் வேலை இல்லாமல் 1961-இல் பம்பாய் போனவர். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் அவருக்குத் தினக்கூலி 23 ரூபாய். மேற்கு எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையின் ஓரத்தில் பிளாஸ்டிக் ஷீட்டும் கித்தானும் போட்ட ஒரு குடிசைக்கு, அந்தப் பகுதியை ஆட்டிப்படைத்த ஆள் அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கியிருந்தான். 1981 ஜூலை 23 அன்று அந்தக் குடிசையை இடித்து, குடும்பத்தோடு அவரைச் சேலம் பஸ்ஸில் ஏற்றினார்கள். மனைவியும் மகள்களும் ஊரில் தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து, மறுபடி ஒரு நடைபாதையில் ஒதுங்கினார். தீர்ப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது.

மேலே "ஏன் திரும்பி வருகிறார்கள்" என்று கேட்டோமே, நீதிமன்றம் அதற்குத்தான் முதலில் பதில் சொன்னது. பிழைப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டியதால் இவர்கள் நடைபாதையில் இருக்கிறார்கள். அங்கிருந்து அப்புறப்படுத்தினால் பிழைப்பு போகும். பிழைப்பு போனால் உயிர் வாழ்வது எப்படி? ஆகவே அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு காக்கிற உயிர் வாழும் உரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது. வாழ்வாதார உரிமை என்றால், நியாயமான சட்ட நடைமுறை இல்லாமல் ஒருவருடைய பிழைப்பைப் பறிக்கக் கூடாது என்பது.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தீர்ப்பு இத்தோடு நிற்கவில்லை. நடைபாதை பொதுமக்கள் நடப்பதற்கானது, தனிப்பட்ட உபயோகத்துக்கு அதை வளைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை என்று அதே தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. மாநகராட்சி அகற்றலாம், ஆனால் முறைப்படி அகற்ற வேண்டும். பம்பாய் மாநகராட்சிச் சட்டம் நோட்டீஸ் இல்லாமல் அகற்ற அதிகாரம் தந்திருந்தது. அந்த அதிகாரம் அபூர்வமான நிலைமைக்குத்தான், வழக்கமாக நோட்டீஸ் தந்து அவர்கள் சொல்வதைக் கேட்டாக வேண்டும் என்றார்கள். மழைக்காலம் முடிந்து 1985 அக்டோபர் 31 வரை யாரையும் அகற்றக் கூடாது என்றும் உத்தரவிட்டார்கள். நடைபாதையில் படுப்பவரை அத்துமீறிய குற்றவாளியாகப் பார்க்கவும் நீதிமன்றம் மறுத்தது. யாரையும் மிரட்டவோ அவமதிக்கவோ அவர்கள் அங்கே வரவில்லை, வேறு வழியில்லாமல் வந்தவர்கள் என்றது.

அதே காலத்தில் சென்னை நடைபாதைவாசிகளுக்காகவும் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அப்போது வழக்கறிஞராக இருந்து பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு தொடுத்த வழக்கு அது. தமிழக அரசு எடுத்துவரும் வீட்டுத் திட்டங்களைக் குறிப்பிட்டு, அந்த அக்கறை தொடரும் என்று நம்புவதாக நீதிமன்றம் பதிவு செய்தது.

சுருக்கமாக: நடைபாதையில் குடியிருக்க உரிமை இல்லை. ஆனால் அங்கே குடியிருப்பவருக்கு உரிமைகள் உண்டு. நோட்டீஸ் பெறும் உரிமை, தன் தரப்பைச் சொல்லும் உரிமை, மனிதராக நடத்தப்படும் உரிமை. திடீரென லாரியோடு வந்து மூட்டையை அள்ளிப் போவது இந்தத் தீர்ப்புக்கு எதிரானது.

தொல்லை என்றால் யார்மீது புகார்?

பொதுமக்களின் உடல்நலத்தையோ நிம்மதியையோ வழியையோ கெடுக்கிற நிலைமைக்குச் சட்டத்தில் பொதுத் தொல்லை என்று பெயர். அதை நீக்கச் சொல்லி உத்தரவிட நிர்வாக நடுவருக்கு, அதாவது கோட்டாட்சியர் போன்ற அதிகாரிக்கு, அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 152.

இந்தப் பிரிவைப் பயன்படுத்தி நடந்த ஒரு வழக்கு, கடைக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. மத்தியப் பிரதேசத்தில் ரட்லம் என்ற ஊர். அங்கே நியூ ரோடு பகுதியில் குடியிருந்தவர்களுக்குத் திறந்த சாக்கடையாலும், பக்கத்துக் குடிசைவாசிகள் தெருவோரத்தில் மலஜலம் கழிப்பதாலும் வாழவே முடியவில்லை. நம் ஊரில் என்றால் குடிசைகளை அகற்றச் சொல்லி மனுப் போட்டிருப்போம். அவர்கள் நகராட்சியின்மீது புகார் கொடுத்தார்கள். நகராட்சி பணமில்லை என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார்: பணமில்லை என்பது சாக்கு ஆகாது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தண்ணீர் வசதியோடு பொதுக் கழிப்பறைகளை ஆறு மாதத்துக்குள் கட்டு, சாக்கடையைச் சரிசெய். ஒதுங்க இடமில்லாதவன் தெருவில்தான் ஒதுங்குவான், அதற்கு இடம் தராதவரைக் கேள் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அடிநாதம்.

பேப்பர் கடை வாசலில் கேட்ட அந்தப் பேச்சை இதோடு வைத்துப் பாருங்கள். அண்ணாச்சிக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரே கோரிக்கைதான்: இரவில் திறந்திருக்கும் கழிப்பறை. ஆனால் அவர் எழுதும் புகார் அந்த அம்மாவின்மீது இருக்கிறது.

காப்பகம் இருக்கிறதே, அங்கே போகலாமே?

காப்பகம் என்றால் வீடற்றவர்கள் இலவசமாகத் தங்க உள்ளாட்சி அமைப்பு நடத்தும் இடம். உச்ச நீதிமன்றத்தின் 2010-ஆம் ஆண்டு உத்தரவுகளுக்குப் பிறகு இது வேகம் பிடித்தது. தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் விதிப்படி, ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்க நிரந்தரக் காப்பக இடம் வேண்டும், அது நாள் முழுதும் திறந்திருக்க வேண்டும். 2011 கணக்கில் விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 66 லட்சத்துக்கு மேல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சென்னையில் காப்பகங்கள் இருக்கின்றன. முதியோருக்கு, பெண்களுக்கு, மனநலம் பாதித்தவர்களுக்கு, அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் உடனிருப்போருக்கு என்று தனித்தனியாக இருக்கின்றன. தனியாக இருக்கும் முதியவருக்கு இவை உண்மையிலேயே அடைக்கலம். கடைத்தெருவில் படுத்திருப்பதோ பெரும்பாலும் குடும்பம். ஆண்கள் காப்பகத்துக்கு அப்பாவும், பெண்கள் காப்பகத்துக்கு அம்மாவும், இன்னோர் இடத்துக்குப் பதினாலு வயது மகனும் போக வேண்டுமென்றால் எந்தக் குடும்பம் போகும்? வண்டியை எங்கே நிறுத்துவது? விடிகாலை வேலைக்கு எப்படி வருவது? காப்பகத்துக்கு வர மறுக்கிறார்கள் என்று அதிகாரிகள் சொல்லும்போது, இந்தக் கேள்விகளைத்தான் அவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டும்.

மறுகுடியமர்வு, அதாவது அரசு வேறிடத்தில் வீடு தந்து குடியேற்றுவது, இதைவிடப் பெரிய சிக்கல். பாரிமுனையிலிருந்து, அப்படிக் குடியேற்றுகிற கண்ணகி நகர், பெரும்பாக்கம் எல்லாம் ஏறத்தாழ 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள தூரம். வீடு கிடைக்கும், வேலை இங்கேயே நின்றுவிடும். சில நாள் கழித்து அப்பா மட்டும் திரும்பி வந்து அதே வாசலில் படுப்பார். சேலத்துக்காரர் பம்பாய்க்குத் திரும்பியது போல.

அமெரிக்கக் காணொளிகளை வைத்து இங்கே பேசலாமா?

சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் தெருக் கூடாரங்களின் காணொளிகள் நம் வாட்ஸப் குழுக்களிலும் சுற்றுகின்றன. அங்கேயும் கடைக்காரர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள். 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம் தொடர்பான வழக்கில், பொது இடத்தில் படுப்பவருக்கு அபராதம் விதிப்பது அரசியல் சாசனம் தடுக்கிற கொடூரமான தண்டனை ஆகாது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அங்கே போதைப்பொருளின் பங்கும் வாடகை உயர்வும் வேறு மாதிரி. நம் நடைபாதைக் குடும்பங்களுக்கு அந்தப் படத்தை ஒட்டவைக்க முடியாது.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்கத் தக்கது. அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் பெரிய கூடார முகாமைச் சுற்றியிருந்த கடைக்காரர்களும் கட்டட உரிமையாளர்களும் 2022-இல் வழக்குப் போட்டபோது, கூடாரவாசிகள்மீது போடவில்லை, நகராட்சியின்மீது போட்டார்கள். பொதுத் தொல்லைக்கு நகராட்சியே பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லி, 2023 நவம்பர் 4-க்குள் சரிசெய்யக் கெடு விதித்தது. ரட்லம்காரர்கள் போய் நின்ற அதே மேசை.

புகார் எழுதும்போது

நீங்கள் கடைக்காரர் என்றால், மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு அழைக்கும்போதோ மனு எழுதும்போதோ "ஆட்களை அகற்றவும்" என்ற ஒரே வரியோடு நிறுத்தாதீர்கள். பொதுக் கழிப்பறை இரவில் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, அருகில் குடும்பக் காப்பகம் இருக்கிறதா, குப்பை எப்போது அள்ளப்படுகிறது, தெருவிளக்கு எரிகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அகற்றச் சொல்லும் மனு ஒரு துறையின் ஒரு நாள் வேலையோடு முடிந்துவிடும். மேற்சொன்ன கேள்விகளுக்கோ மண்டல அலுவலகம் பதில் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் நகர்ப்புற வார்டுகளிலும் பகுதி சபைகள் கூடுகின்றன. கிராம சபை மாதிரி, வாக்காளர் யாரும் பேசலாம். வியாபாரிகள் சங்கமும் நடைபாதைக் குடும்பங்களும் சேர்ந்து இரவுக் கழிப்பறையும் குடும்பக் காப்பகமும் கேட்டால், கவுன்சிலர் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

உங்கள் வாசலில் இருப்பவர் குடும்பமாக இல்லாமல், தன்னிலை தெரியாமல் தனியாக அலைபவராக இருந்தால் வழி வேறு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு, அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுப்பதைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை ஆக்கியிருக்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ அமைப்புக்குக் கொண்டுபோக வேண்டும். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. வீடற்ற பெண்களுக்கென்று 1993-இல் தொடங்கிய பான்யன் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது இந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அவரை இரவோடு இரவாக வண்டியில் ஏற்றி ஊர் எல்லையில் இறக்கிவிடுவது எந்தச் சட்டத்திலும் இல்லாத நடைமுறை.